ஐயத்தின் வழியே வந்தவர்: சாந்திவனத்துத் தந்தை பீட் கிரிஃபித்ஸ்



ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பெற்றோர் சிலர் தயங்கியவாறு என்னிடம் வந்து ஒரே குறையைக் கூறுவதுண்டு. "சாமி, பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளை இப்போது கோவிலுக்கு வருவதே இல்லை. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறான்." நம் பொம்மிடி நிலையத்தில் வண்டியேறிச் செல்லும் பிள்ளைகள் பலர் இக்கேள்வியோடுதான் ஊர் திரும்புகின்றனர். இவ்வாரச் சிந்தனை அப்பெற்றோருக்கும் அப்பிள்ளைகளுக்கும் உரியது.

கடவுள் இல்லை என்பது நாத்திகம். அவர் உண்டா இல்லையா என்பதை மனித அறிவால் அறியவே இயலாது என்பது அறியொணாவாதம். இக்கருத்தைக் குறிக்க 1869-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லை உருவாக்கியவர் அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1870-இல், முதலாம் வத்திக்கான் சங்கம், படைப்புகளை நோக்கும் மனித அறிவு படைத்தவரை உறுதியாக அறிய வல்லது எனப் போதித்தது.

எனினும் திருச்சபை ஐயுறுவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண்கள் 2127, 2128) அறியொணாவாதத்துக்குப் பல வடிவங்கள் உண்டு என்கிறது. சிலரிடம் அது கடவுளைத் தேடும் தேடலாகவே இருக்கக்கூடும். வேறு சிலரிடமோ வாழ்வின் இறுதிக் கேள்வியிலிருந்து தப்பி ஓடும் சோம்பலாக இருக்கலாம். ஆகவே, நாம் கேட்க வேண்டியது, "இவன் ஐயுறுகிறானா?" என்பதன்று, "இவன் தேடுகிறானா?" என்பதே.

தேடியவர் ஒருவரின் வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. 1906-இல் இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குடும்பமொன்றில் பிறந்தவர் ஆலன் கிரிஃபித்ஸ். பள்ளிப் பருவத்திலேயே திருச்சபைக் கோட்பாடுகள்மீது அவருக்கிருந்த பற்று தளர்ந்தது. ஆயினும், பதினேழு வயதில் ஒரு மாலைப்பொழுதில் பறவைகளின் பாடலும் சாயும் கதிரவனின் ஒளியும் அவரை வியப்பில் ஆழ்த்தின. பெயர் தெரியாத ஒரு பேரிருப்பின் முன் தாம் நிற்பதாக உணர்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் சி. எஸ். லூயிஸ். அப்போது லூயிஸும் கிறிஸ்தவர் அல்லர். ஆசிரியரும் மாணவரும் நண்பர்களாகி, நூல்களையும் வினாக்களையும் பகிர்ந்துகொண்டே உண்மையைத் தேடினர். 1930-இல் ஆலன் தம் நண்பர் இருவரோடு ஒரு சிற்றூர்க் குடிலில் குடியேறி, மாடு கறந்து, எளிய வாழ்வு வாழ்ந்தார். அங்கே விவிலியத்தை ஆழ்ந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னர் கடும் அகப்போராட்டத்தினூடே புனித ஜான் ஹென்றி நியூமனின் எழுத்துகள் அவருக்கு வழிகாட்டின. 1931 கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அடுத்த ஆண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவு மடத்தில் சேர்ந்து 'பீட்' என்னும் பெயர் பெற்றார், 1940-இல் குருவானார். லூயிஸ் ஆங்கிலிக்கன் சபையிலேயே கிறிஸ்துவைக் கண்டார். இருவர் வழியும் பிரிந்தது, நட்பு பிரியவில்லை. 1955-இல் லூயிஸ் தம் மனமாற்ற வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, அதைத் தந்தை பீட் அவர்களுக்கே காணிக்கையாக்கினார்.

அதே 1955-இல் தந்தை பீட் இந்தியா வந்தார். கேரளத்தின் குரிசுமலையில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1968-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்றார். 1950-இல் பிரான்சு நாட்டுக் குருக்கள் இருவர் நிறுவிய ஆசிரமம் அது. காவியுடையும் குடில் வாழ்வும் கொண்டு அவர் அங்கே வாழ்ந்தார். அவருடைய வழிமுறைகளைக் குறைகூறிய கிறிஸ்தவர்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். ஆனால், எந்தச் சபையிலும் ஒட்டாமல் அலைந்த இளைஞர் பலர் உலகின் பல மூலைகளிலிருந்தும் அவரை நாடி வந்தனர். தேடலின் வலியை அறிந்தவர் ஆதலால், அவர்களுடைய கேள்விகளுக்கு அவர் செவிமடுத்தார். 1993 மே 13 அன்று சாந்திவனத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? ஆலனை நம்பிக்கைக்குக் கொணர்ந்தது ஒரே நாளில் வென்ற வாதம் அன்று. ஒரு மாலைப்பொழுதின் வியப்பு, ஒரு நண்பரின் நேர்மை, திறந்த விவிலியம், நீண்ட பொறுமை ஆகிய யாவும் இறையருளின் கருவிகளாயின.

புனித தோமாவை நினைத்துப் பாருங்கள் (யோவான் 20:24-29). உயிர்த்த ஆண்டவரைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றவர் அவர். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தபோது அவர் எங்கே இருந்தார்? மற்றச் சீடரோடு அதே வீட்டில் இருந்தார். நம்பாதவன் என்று அவர்கள் அவரை வெளியேற்றவில்லை. அவரும் விலகிப் போகவில்லை. அன்று கதவைச் சாத்தியிருந்தால் அவருடைய விசுவாச அறிக்கையை நாம் கேட்டிருப்போமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ஒரு கசப்பான உண்மையையும் ஒப்புக்கொண்டது. விசுவாசிகளாகிய நம் குறைபட்ட வாழ்வே சில வேளைகளில் கடவுளின் முகத்தைப் பிறரிடமிருந்து மறைத்துவிடுகிறது. பிள்ளை கேள்வி கேட்கும்போது அதட்டி அடக்குகிறோம். அதே பிள்ளை நம் வீட்டுச் சண்டையையும் சாதிப் பெருமையையும் கண்டு வளர்கிறான். அவனுடைய ஐயத்தில் நம் பங்கு எவ்வளவு என்று இவ்வாரம் ஆராய்ந்து பார்ப்போம்.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளை வரும்போது சோற்றோடு சேர்த்துக் கடிந்துரையைப் பரிமாறாதீர்கள். அவன் சொல்வதை முழுதும் கேளுங்கள். குடும்ப செபத்தில் அவனுக்குரிய இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள். இளைஞரே, அறிய இயலாது என்று சொல்லித் தேடலை நிறுத்திவிடாதீர்கள். ஐயத்தோடேயே ஆலயத்துக்கு வாருங்கள். தம் நம்பிக்கையின்மை நீங்க உதவுமாறு இயேசுவிடம் மன்றாடிய தந்தையின் வேண்டலை (மாற்கு 9:24) உங்கள் வேண்டலாக்கிக்கொள்ளுங்கள்.

செபிப்போம்: தேடுவோரைத் தேடி வரும் ஆண்டவரே, ஐயத்தில் உழலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒளி தாரும். அவர்கள் வரும் வழியில் நாங்கள் தடைக்கல்லாய் நில்லாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.