எஸ்.எஸ். சிக்னி: திரள்வட்டுக் கோட்பாட்டைச் சோதித்த தொலைவளவு

குறு நோவாக்களுள் முதலாவதான யூ ஜெமினோரத்தை ஜான் ரசல் ஹிண்ட் 1855 டிசம்பரில் லண்டனில் கண்டறிந்தார். எஸ்.எஸ். சிக்னியை 1896இல் ஹார்வர்டு வான்காணகத்தின் ஒளிப்படத் தகடுகளில் லூயிசா வெல்ஸ் கண்டார். சராசரியாக ஏழு வாரங்களுக்கொருமுறை 12ஆம் ஒளித்தரத்திலிருந்து 8ஆம் தரத்திற்கு உயர்ந்து மங்கும் இவ்விண்மீனின் பதிவு நூறாண்டுக்கு மேல் தொடர்கிறது. பெரும்பாலும் அது ஊதியம் பெறாத ஆர்வலர்களின் உழைப்பு. வரலாற்று நூல்கள் அவர்களை அடிக்குறிப்பில் அடக்கிவிடுவது முறையன்று.

இது சுமார் 6.6 மணி நேரத்தில் சுற்றும் இரட்டை விண்மீன் என்பதை 1956இல் ஆல்ஃபிரட் ஜாய் வெளியிட்டார். துணைமீனிலிருந்து வழியும் வளிமம் வெண் குறுமீனைச் சூழ்ந்து வட்டாகத் திரள்கிறது எனும் கருத்து பின்னர் வேரூன்றியது. ஆயினும் ஒளிப்பெருக்கத்தின் மூலம் எது? துணைமீனே விட்டுவிட்டு மிகுதியாகப் பொழிகிறது என்றார் ஜெஃப்ரி பாத். வரத்து சீரானதே, வட்டுதான் தேக்கிவைத்துத் திறந்துவிடுகிறது என 1974இல் யோஜி ஒசாகி வாதிட்டார். தேக்கத்திற்கு இயற்பியல் காரணம் 1979இல் ஹோஷியின் ஆய்விலும், 1980களின் தொடக்கத்தில் மேயர் இணையர், ஸ்மாக் முதலியோரின் ஆய்வுகளிலும் துலங்கியது. குளிர்ந்த வட்டில் ஹைட்ரஜன் நடுநிலையில் இருக்கிறது; பாகுநிலை குறைவு; வளிமம் உள்நோக்கி நகராமல் குவிகிறது. அடர்த்தி ஒரு வரம்பைக் கடந்ததும் ஹைட்ரஜன் அயனியாகி, ஒளிபுகாமை திடுமெனக் கூட, வட்டு சூடேறிப் பாகுநிலையும் உயர்கிறது. தேங்கியது விரைந்து உட்பாய்கிறது.

இக்கோட்பாடு நிலைபெற்ற பின்னரே அதற்கு இடர் நேர்ந்தது. 1999இல் ஹப்பிள் தொலைநோக்கியின் இடமாறு தோற்ற அளவீடு எஸ்.எஸ். சிக்னியை ஏறத்தாழ 540 ஒளியாண்டுத் தொலைவில் வைத்தது. அத்தொலைவு மெய்யாயின் அதன் உண்மை ஒளிர்வு மிகப் பெரிது. அதற்கேற்ற வளிம வரத்தில் வட்டு என்றும் சூடாகவே இருந்திருக்கும், ஒளிப்பெருக்கமே நிகழ்ந்திராது. ஆகவே முன்மாதிரியாகக் கருதப்பட்ட விண்மீனே கோட்பாட்டை மறுத்து நின்றது. சிலர் கோட்பாட்டை ஐயுற்றனர். சிலர் அளவீட்டை ஐயுற்றனர். இரண்டாம் தரப்பின் ஐயம் கோட்பாட்டுப் பற்றிலிருந்து பிறந்ததாயினும் சரியாகவே முடிந்தது.

2013இல் ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழுவினர் வானொலித் தொலைநோக்கிகளால் அளந்து ஏறத்தாழ 370 ஒளியாண்டு எனக் கண்டனர். ஒளிப்பெருக்கத்தின்போது மட்டுமே இவ்விண்மீன் அளவிடத்தக்க வானொலி அலைகளை உமிழ்வதால், எழுச்சி தொடங்கியதும் தகவல் தந்தவர்கள் மேற்சொன்ன ஆர்வலர்களே. பின்னர் கையா விண்கலத்தின் அளவீடும் இம்மதிப்புடன் ஒத்தது. குளிர்ந்த வட்டில் அச்சிறு பாகுநிலையும் எவ்வாறு எழுகிறது என்ற வினாவை மட்டும் எந்தத் தொலைவளவும் தீர்க்கவில்லை.