தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி!

சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் வாசல். உள்ளே தறிச் சத்தம் காதைப் பிளக்க, வெளியே வேப்பமர நிழலில் ஒரு சிப்பிப்பாறை நாய் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, எண்ணிவிடலாம் போல விலா எலும்புகள். பட்டினி போட்டுவிட்டார்களோ என்று நினைக்காதீர்கள். கிரேஹவுண்ட் மாதிரியான ஓட்டக்கார நாய்களுக்கு அந்த ஒல்லி உடம்புதான் ஆரோக்கியம்!

''ரேபிஸ் ஊசி போட்டாச்சா?'' என்று உரிமையாளரிடம் கேட்டேன். ''அதெதுக்குங்க? இது தெரு நாய்ககூடச் சேர்றதே இல்லீங்க'' என்றார் பெருமையாக.

அந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. அதில் பாதி, சோமனூர்க்காரர்களுக்குப் பக்கத்து மலையிலேயே நடந்தது.

1902. குன்னூரில் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண் ரேபிஸ் வந்து இறந்துபோனார். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகித் துடிக்கும் நோய் அது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மருந்து இருந்தது. ஆனால், இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் இருந்தது! கடிபட்ட ஆள் குன்னூரிலிருந்து இந்தியாவின் மறுகோடிக்கு ரயிலில் போய்ச் சேர வேண்டும். நோய் அதுவரை காத்திருக்குமா?

லில்லியின் சாவு ஊரை உலுக்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் (இரும்பு வியாபாரத்தில் கார்னகியின் கூட்டாளி!) வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு லட்ச ரூபாய் இதற்கு வந்தது. 1907 ஏப்ரலில் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், நாய் கடித்தவர்கள் அதில் ஏறிப் போகலாம் என்றாயிற்று.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் இன்னொரு வழி கண்டுபிடித்தார். விலங்கு மூளையில் வளர்த்த கிருமியை கார்பாலிக் அமிலத்தால் கொன்று, புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். ஆஹா என்றிருந்தது. ஆனால், வயிற்றில் தினம் ஒன்றாகக் குத்த வேண்டும். நம் தாத்தாக்களை நடுங்க வைத்த 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' இதுதான். சிலருக்குப் பக்கவாதமே வந்தது. அப்படியும் 2004 வாக்கில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது கையில் நாலைந்து தடவை போட்டால் போதும். கூடவே, கடித்த உடனே சோப்பு போட்டு பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். ஆழமான கடி என்றால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது இதுதான். 1885-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போடுவதற்கு முன்னால், அதைப் போட்டுப் பார்த்தது நாய்களுக்கு! ஜப்பான்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1921-லேயே நாய்களுக்குக் கூட்டமாக ஊசி போட்டார்கள். 1950-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். 1957-க்குப் பிறகு அங்கே நாய்களிடம் ரேபிஸ் இல்லை. நாமோ கடிபட்ட மனிதரைத் துரத்தித் துரத்திக் குத்தினோம். கடித்த நாயை மறந்துவிட்டோம். உலகத்து ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான்.

சோமனூர்க்காரருக்கு வருவோம். இந்த வகை நாய்க்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணப் பட்டை கட்டினால், பின்னால் ஒரு இழுப்பு... தலை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் தெருவில் எந்த நாயோடு மல்லுக்கட்டுமோ, யாருக்குத் தெரியும்? அகலமான பட்டையும், மூன்று மாதக் குட்டியிலிருந்தே முறையான ஊசியும், பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷமும் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

நாயின் ஒட்டிய வயிற்றை ஒரு முறை கவலையோடு பார்த்தார் மனுஷன்.

''ஏனுங்க, இதுக்கும் தொப்புளச் சுத்தித்தான் போடுவாங்களா?''