முத்தையாவின் விசைகள்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா, இளமையிலேயே கடல் கடந்து மலாயா சென்றவர். பின்னர்ச் சிங்கப்பூரிலே வணிக நிறுவனமொன்றில் அலுவல் பார்த்தவர். ஆங்கிலக் கடிதம் பொறியிலும் தமிழ்க் கடிதம் கையாலும் எழுதப்பட்ட காலம் அது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைக்க அவர் முனைந்தபோது எதிர்ப்பட்ட இடையூறு எளியதன்று. இருபத்தாறு எழுத்துக்களுக்கென எழுந்த பொறியிலே தமிழின் 247 எழுத்துக்களை அடக்குவது எங்ஙனம்?

புதியதோர் பொறியைத் தொடக்கத்திலிருந்தே படைக்க அவர் முற்படவில்லை. உலகச் சந்தையில் நிலைபெற்ற பொறியையே கைக்கொண்டு, எழுத்துக்களைப் பகுத்து அமைத்தார். புள்ளியை அடித்தால் உருளை நகராது நிற்கும். அடுத்து அடிக்கும் மெய் அப்புள்ளியின் கீழே வந்து பொருந்தும். நகரா விசை என்னும் இந்த உத்தியே காரியத்தை முடித்தது. எழுத்தின் அழகு சிறிது குன்றியது உண்மையே. ஆயினும் செருமனியிலே செய்யப்பட்டு வந்த அப்பொறிகள் தமிழ்க் கந்தோர்களிற் குடிபுகுந்தன. விசைகளின் வரிசையைத் தட்டச்சு மாணவரின் விரல்கள் மனனஞ் செய்தன. விரல் மனனஞ் செய்ததை மாற்றுவது கடினம் என்பதைப் பின்வந்தோர் நன்கு அறிந்தனர்.

1990களின் முற்பகுதியில் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்தது. மண்ணெண்ணெயும் காகிதமும் அரும்பொருள்களாயின. வெளியுலகிலே கணினி பெருகிய அவ்வாண்டுகளில், மின்சாரம் வேண்டாத பழைய பொறிக்கு இங்கே மூப்பு வரவில்லை.

பின்னர்க் கணினி வந்தபோது பழைய கேள்வியே புதுவேடத்தில் வந்தது. இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு, தட்டச்சுப் பயிற்சியுடையோருக்குப் பழகிய விசை வரிசையையே தழுவியது. ஆனால் அதில் ஒரு வஞ்சகம் மறைந்திருந்தது. திரையிலே 'தமிழ்' என்று தோன்றினாலும், கணினி தன்னுள்ளே சேமித்தது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே கோப்பைத் திறந்தவருக்குக் கிட்டியது பொருளற்ற குப்பை. கொழும்புக்கு அனுப்பிய விலைப்பட்டியல் அங்கே வாசிக்க முடியாது போனால், அது வணிகனுக்கு வெறும் மொழிச் சிக்கல் அன்று, கைப்பொருள் இழப்பு.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. எனினும் கந்தோர்கள் அதனை ஏற்க நெடுங்காலம் சென்றது. தட்டச்சு மரபையொட்டிய ரெங்கநாதன் விசைப்பலகை, 2008ஆம் ஆண்டில் இலங்கைத் தரநிர்ணயமாயிற்று.

அதற்குள் வணிகம் கைத்தொலைபேசிக்கு இடம்பெயரத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டிலேயே மலேசியரான முத்து நெடுமாறன் செல்லினம் வாயிலாகக் கைத்தொலைபேசியிலே தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தார். 2007இல் ஐபோனும், 2008இல் அண்ட்ராய்ட் தொலைபேசியும் வெளிவந்தன. கடைக் கணக்கிற்கும் சரக்கிருப்பிற்கும் மென்பொருள் எழுதுவோர் எத்தளத்தைத் தெரிவது என்று தடுமாறினர். வலிமை மிக்கதெனக் கருதப்பட்ட பிளாக்பெரியின் பழைய தொலைபேசிச் சேவை 2022 சனவரியில் நின்றது. மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் கைத்தொலைபேசித் தளத்துக்கான ஆதரவு அதற்கு முன்பே முடிவுற்றது. அத்தளங்களுக்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் உரிமையாளரின் கையிலே பயனற்றுக் கிடந்தன.

எனவே பலர் நிரலை இணைய உலாவிக்கே எழுதி, கணக்கைத் தொலைவிலுள்ள வழங்கியிலே வைக்கலாயினர். இதுவும் புதுமையன்று. 1960களிலே பெருங்கணினி ஒன்றை நடுவே நிறுத்தி, முனையங்கள் பலவற்றை அதனோடு பிணைத்த முறையே இப்போது சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது. கணக்கு ஒருங்குறியிலே பதிந்திருந்தால் எத்தளத்துக்கும் பெயர்க்கலாம். தளம் மாறினாலும் ஏடு அழியாது. பாமினியிலே பதிந்த ஏடுகளையோ ஒருங்குறிக்கு மாற்றித்தரத் தனி நிரல்கள் வேண்டியிருக்கின்றன. முத்தையாவின் விசைகளைக் கண்ணால் காணாத இளைஞர் பலர், அந்நிரல்களில் ஜே, கே, பி, ஓ என்னும் வரிசையை ஒட்டித் தமிழைப் பெறுகின்றனர்.