கேட்கப்படாத கேள்வி

1864 செப்டம்பரில், பிரான்சு நாட்டின் கடியாக் நகரப் பெண்கள் சிறையில் தியானம் கொடுக்கச் சென்றார் சாமிநாதர் சபைக் குரு இலத்தாஸ்த். அங்கிருந்த ஏறத்தாழ 400 கைதிகளைச் சகோதரிகள் என்றே அழைத்தார். விடுதலைக்குப் பின் அவர்களுள் பலருக்குப் போக்கிடமில்லை என்பதையும் உணர்ந்தார்.

எனவே 1866-இல் பெத்தானி என்னும் பெயரில் துறவற இல்லமொன்றைத் தொடங்கினார். சிறை மீண்டவரும் சிறை காணாதவரும் அங்கே ஒரே உடை அணிந்து, ஒரே குடும்பமாய் வாழ்ந்தனர். எவருடைய கடந்த காலத்தையும் எவரும் கேட்பதில்லை என்பதே இல்லத்தின் ஒழுங்கு. 1869-இல், 36 வயதில் இறந்த அவரைத் திருச்சபை 2012-இல் அருளாளராக உயர்த்தியது.

சிறையிலிருப்போருக்காக நாமும் திருப்பலியில் மன்றாடுகிறோம். அவர்களுள் ஒருவர் திரும்பிவந்து நம் அருகில் முழந்தாளிடும்போது, "இத்தனை நாள் எங்கே இருந்தீர்?" என்று கேளாதிருக்க நம்மால் இயலுமா?