மறதியும் விருப்பமும்

வரலாறு என்றதும் வேந்தரும் போர்களுமே உங்கள் நினைவுக்கு வரும். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நான் இன்று வேறொரு வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றேன். நினைவிழந்த முதியவரின் சொல்லுக்கும் மதிப்புண்டு என்பதை மேலை நாட்டினர் சிறிது சிறிதாகக் கற்ற வரலாறு அது.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அல்சைமர் என்னும் மருத்துவர் அவரிடம் பெயரையும் பிறவற்றையும் வினவி, விடைகளைக் குறித்துவைத்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். 1910-இல் அந்நோய் அல்சைமரின் பெயரைப் பெற்றது.

பிற்காலத்தில் மறதி நோயுற்றோர் பலர் பராமரிப்பு இல்லங்களில் வாழத் தலைப்பட்டனர். அங்கே உணவும் மருந்தும் கிடைத்தன. ஆயினும் எழும் நேரம், குளிக்கும் நேரம், உடுக்கும் உடை ஆகியவற்றைப் பிறரே முடிவு செய்வதும் வழக்கமாயிற்று. சிலரை நாற்காலியோடு பிணைத்து வைத்தலும் நிகழ்ந்தது. அரசுப் பணம் பெறும் இல்லங்களில், ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியோரைக் கட்டிவைத்தலை 1987-இல் அமெரிக்கச் சட்டமொன்று விலக்கியது. நோய்க்கு முன்பாக மனிதரைக் காண வேண்டும் என்று, இங்கிலாந்தின் பிராட்போர்டு பல்கலைக்கழக அறிஞர் டாம் கிட்வுட் 1997-இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார்.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2005-இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. ஒரு செய்தியைச் சிறிது நேரமே நினைவில் வைத்திருக்க முடிகிறது என்னும் ஒரு காரணத்தால், ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்தவராகார் என்பது அச்சட்டம் கூறும் கருத்து. காலையில் தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவர் மாலையில் அதனை மறக்கலாம். காலையில் கொண்ட விருப்பம் அதனால் பொய்யாகிவிடுமா?

தாமே முடிவெடுக்க இயலாதவரிடத்தும், அவருடைய முன்னைய விருப்பத்தையும் இன்றைய விருப்பத்தையும் கருதுதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். இவ்விரண்டும் முரண்பட்டால் என் செய்வது? வாழ்நாளெல்லாம் புலால் உண்ணாத மூதாட்டி, இன்று அடுத்தவர் தட்டிலுள்ள இறைச்சியை விரும்பிக் கேட்கின்றார் என்று கொள்வோம். கொடுப்பதா, மறுப்பதா? சட்டம் ஆயத்த விடை தரவில்லை. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமையைத் தருகின்றது. கேளாமல் முடிவு செய்தல் எளிது. கேட்டு முடிவு செய்தல் அரிது.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். பலர் வீட்டில் முதியோருடன் வாழ்கின்றீர்கள். மறதி மிகுந்தவரிடமும், "இன்று எதை உடுத்திக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டபின், விடை வரும்வரை பொறுத்திருங்கள்.