பணம் கொடாத அறநிறுவனம்: கராச்சி ஓரங்கி நகரின் வரலாறு தரும் படிப்பினை



ஆண்டறிக்கை நம் கைக்கு வந்ததும் நாம் முதலில் புரட்டுவது வரவு செலவுக் கணக்குப் பக்கத்தையே. எவ்வளவு வசூலாயிற்று, எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது என்பதைக் கொண்டே ஓராண்டுப் பணியை அளந்து விடுகிறோம். அவ்வளவுகோல் தவறன்று, எனினும் அது முழுமையானதும் அன்று. வீடு கட்டவோ, கழிவுநீர்க் குழாய் பதிக்கவோ ஒரு ரூபாயும் நன்கொடையாக வழங்காமல், ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தூய்மையான வாழ்வு கிடைக்கத் துணை நின்ற ஓர் அறநிறுவனத்தின் வரலாற்றை இவ்வாண்டு நாம் காண்போம்.

ஓரங்கியின் நிலை

பாகிஸ்தானின் கராச்சி மாநகரின் வடமேற்கே, குன்றுகளின் அடிவாரத்தில் பரந்து கிடப்பது ஓரங்கி. 1965-க்குப் பின் உருவாகத் தொடங்கிய இக்குடியிருப்பு, 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறியவர்களால் வேகமாகப் பெருகியது. பஷ்தூன்களும், பஞ்சாபிகளும், சிந்திகளும் அங்கு வந்து சேர்ந்தனர். மனைகளைத் தரகர்களிடம் வாங்கி, மக்கள் தாங்களே வீடுகளைக் கட்டிக் கொண்டனர். ஆனால் கழிவுநீருக்கு வழியில்லை. எடுப்புக் கழிப்பறைகளும், விரைவில் நிரம்பி வழியும் உறிஞ்சுகுழிகளுமே இருந்தன. சந்துகளில் தேங்கிய கழிவுநீர் குழந்தைகளுக்கு நோயைத் தந்தது. அரும்பாடுபட்டுக் கட்டிய சுவர்களில் ஈரம் ஏறி வீடுகளையே அரித்தது.

வந்து சேர்ந்த மனிதர்

1980-ஆம் ஆண்டு, பி.சி.சி.ஐ. வங்கியின் நிறுவனர் ஆகா ஹசன் ஆபிதி, இப்பகுதி மக்களுக்கு ஏதேனும் செய்யுமாறு அக்தர் ஹமீத் கான் அவர்களைக் கேட்டுக் கொண்டார். ஆக்ராவில் 1914-இல் பிறந்த கான், ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின் கொடுமையை நேரில் கண்ட பின் அப்பதவியைத் துறந்து, அலிகார் அருகே ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக வாழ்ந்து பார்த்தார். பின்னர் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் 1959-இல் தொடங்கிய ஊரக வளர்ச்சிக் கழகத்தை வழிநடத்திப் புகழ் பெற்றார்.

ஓரங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. வந்தவுடன் எதையும் அவர் வழங்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்தார், மக்களிடம் கேட்டார், கேட்டதைச் சிந்தித்தார். அதன் பின்னரே 'ஓரங்கி முன்னோடித் திட்டம்' என்னும் நிறுவனம் தன் பணியைத் தொடங்கியது.

நான்கு தடைகள்

மக்களின் முதற் குறை கழிவுநீர்தான் என்பது தெளிவாயிற்று. அதை அவர்களே தீர்த்துக் கொள்ளாதது ஏன்? நான்கு தடைகளைக் கான் கண்டறிந்தார்.

முதலாவது, மனத்தடை. சாக்கடையை அரசாங்கம் இலவசமாக அமைத்துத் தரும் என்று மக்கள் நம்பிக் காத்திருந்தனர். இரண்டாவது, பொருள் தடை. ஒப்பந்தக்காரர் வழியே அமைத்தால் ஆகும் செலவை ஏழைகளால் தாங்க இயலாது. மூன்றாவது, தொழில்நுட்பத் தடை. நிலத்தின் மட்டம் பார்க்கவோ, குழாய் பதிக்கவோ அவர்களுக்குத் தெரியாது. நான்காவது, ஒற்றுமைத் தடை. பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரு வேலைக்காகக் கூடிச் செயல்பட்டுப் பழகியிருக்கவில்லை.

இந்நான்கில் பணத்தால் மட்டுமே நீங்கக் கூடியது எது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடையைக் கூட அறிவைக் கொண்டே அவர்கள் தகர்த்தனர். நிறுவனத்தின் பொறியாளர்கள் வடிவமைப்பை எளிமையாக்கினர். ஆள் இறங்கும் குழிகளை வார்ப்பதற்கு இரும்பு அச்சுகளைச் செய்தனர். ஒப்பந்தக்காரரின் இலாபம் அறவே நீங்கியது. கழிப்பறையும் சந்துக் குழாயும் சேர்த்து, அன்றைய மதிப்பில் வீட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. அரசுத் துறைகள் கணக்கிட்ட செலவு இதனைப் போல் பல மடங்கு.

ஊழியர் பணியும் மக்கள் பணியும்

பணி நடந்த முறை நம் கவனத்திற்குரியது. இருபது முதல் முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தே அடிப்படை அலகு. நிறுவன ஊழியர்கள் அச்சந்துக்குச் சென்று மக்களைக் கூட்டி, படங்கள் காட்டி, துண்டுப் பிரசுரங்கள் தந்து விளக்குவார்கள். சந்து மக்கள் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, உதவி கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகே ஊழியர்கள் அளவெடுத்து, வரைபடமும் மதிப்பீடும் தந்து, கருவிகளை இரவலாகக் கொடுத்து, வேலையை மேற்பார்வையிடுவார்கள். பணத்தை வசூலிப்பவரும் செலவிடுபவரும் சந்துப் பொறுப்பாளரே. நிறுவனம் அப்பணத்தைக் கையால் தொடுவதில்லை. அண்டை வீட்டாரிடையே எழும் சச்சரவுகளையும் சந்து மக்களே பேசித் தீர்த்துக் கொண்டனர்.

எல்லாம் தொடக்கத்திலேயே சரியாக அமைந்து விடவில்லை. முதலில் நடந்த வேலைகளில் சாந்துக் கலவையிலும் கான்கிரீட்டைப் பதப்படுத்துவதிலும் குறைகள் தெரிந்தன. நிறுவனம் அவற்றை மறைக்கவில்லை. ஆராய்ந்து, கொத்தனார்களுக்கும் மக்களுக்கும் பயிற்சி தந்து திருத்தியது. கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் போன்ற வல்லுநர்கள் இதில் துணை நின்றனர். அப்பகுதி இளைஞர்கள் அளவெடுக்கவும் வரைபடம் தீட்டவும் கற்றனர்.

1986 டிசம்பரில் ஓரங்கியிலும் அதன் அண்டையிலும் மூண்ட இனக்கலவரம் ஏராளமான உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரும் பணி நிற்கவில்லை. 1988-இல் சுகாதாரம், சிறுதொழில் கடன், ஆய்வும் பயிற்சியும் எனத் தனித்தனி அமைப்புகளாக அது விரிந்தது. சிறுதொழில் கடன்கள் வட்டியுடன் வழங்கப்பட்டவை. அவ்வழி நமக்குரியதன்று என்பதையும் இங்கே சொல்லி விடுகிறோம். நாம் கற்க வேண்டியது அவர்களின் பணி ஒழுங்கையே.

பங்காளியின் கடமை

கான் மற்றோர் உண்மையையும் வலியுறுத்தினார். மக்களால் இயன்றது மக்களுடையது, இயலாதது அரசினுடையது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், வட்டாரத்தின் சேகரிப்புக் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. பெருங்குழாய்களும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. மக்கள் தம் பங்கை நிறைவேற்றினர். மறு பங்கோ நெடுங்காலம் பின்தங்கியது. ஆதலால் சந்துகள் தூய்மையடைந்தும், கழிவுநீர் பெருமளவு இயற்கை ஓடைகள் வழியே சுத்திகரிக்கப்படாமலேயே கடலை நோக்கிச் சென்றது. ஒரு பங்காளி அயர்ந்தால் மற்றவரின் உழைப்பும் முழுப்பயன் தராது.

1999 அக்டோபரில் கான் இறையடி சேர்ந்தார். அவரிடம் பயின்றவர்களுள் தலையாயவர் பர்வீன் ரஹ்மான். 1957-இல் டாக்காவில் பிறந்து, கராச்சியில் கட்டடக் கலை பயின்ற அப்பெண்மணி, செல்வந்தர்களுக்கு மாளிகை வரையும் வாய்ப்பை விட்டு ஓரங்கிக்கு வந்தார். ஆய்வு, பயிற்சி அமைப்பின் தலைமையேற்று, நகரின் ஓடைகளையும் குடியிருப்புகளையும் வரைபடமாக்கினார். ஏழைகளின் நிலம் எவ்வாறு அபகரிக்கப்படுகிறது, குடிநீர் எவ்வாறு திருடி விற்கப்படுகிறது என்பதையும் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச் 13 அன்று, பணி முடித்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 டிசம்பரில் ஐவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2022 நவம்பரில் சிந்து உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஒரு வரைபடத்திற்கு இத்தனை பகைவர் உண்டென்றால், அறிவு ஏழைகளின் கைக்குச் செல்வது எத்தகைய ஆற்றல் என்பதை நாம் உணரலாம்.

நமக்குரிய படிப்பினை

யாசித்து வந்த அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த பொருளை விற்கச் செய்து, கோடரி வாங்க வைத்து, விறகு வெட்டிப் பிழைக்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் அனுப்பிய நிகழ்வை நாம் மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்தக் கோடரிக்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் விரைந்து கடந்து விடுகிறோம். ஓரங்கியின் ஊழியர்கள் செய்தது அந்தக் காம்பு பொருத்தும் பணியையே.

விதவைக்கும், அநாதைக்கும், நோயாளிக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அது அவர்களின் உரிமை. ஆனால் கை கால் வலிவுள்ள குடும்பம் ஆண்டுதோறும் அதே உதவிக்கு வந்து நிற்குமாயின், குறை அவர்களிடம் மட்டும் இருப்பதாக நாம் கருதலாகாது. நம் மஹல்லாவிலும் சந்துகள் உண்டு. படித்த பொறியாளர்களும், கணக்கர்களும், கைத்தொழில் வல்லவர்களும் உண்டு. அவர்களிடம் நாம் சந்தாவைக் கேட்கிறோம். நேரத்தையும் அறிவையும் கேட்பதில்லை.

இனி வரும் ஆண்டறிக்கையில், வழங்கிய தொகைக்குப் பக்கத்தில், இவ்வாண்டு எத்தனை பேர் உதவி பெறும் பட்டியலிலிருந்து தம் காலில் நின்று வெளியேறினார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வரைவோம். முதலாண்டில் அது வெறுமையாக இருந்தாலும் மறைக்காமல் அச்சிடுவோம்.

வல்ல இறைவன் நம் கரங்களைக் கொடுக்கும் கரங்களாகவும், பிறர் கரங்களுக்கு வலுவூட்டும் கரங்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.