மேரியிலிருந்து வீட்டு வாசலுக்கு: புதுச்சேரியில் பாலர் கூடமும் குடும்ப நலனும்

புதுச்சேரியில் ஒரு குடும்பம் அரசின் கண்ணில் படுவதற்கு வெகுகாலம் ஒரே வழிதான் இருந்தது: குடும்பமே அரசைத் தேடிப் போக வேண்டும். 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிகள் அமைந்தபின் பிறப்பும் திருமணமும் இறப்பும் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தின் ஏட்டில் ஏறின. சொத்துக்கும் குடியுரிமைக்கும் அந்த ஏடு இன்றும் சான்று சொல்கிறது. அதன் அருமை பெரிது. ஆனால் குழந்தையின் பெயரை அறிந்த அந்த ஏட்டுக்கு, ஆறாம் மாதத்தில் அதன் எடை கூடியதா என்பது தெரியாது. 1930இல் பிரெஞ்சு நிர்வாகம் தொடங்கிய மதிய உணவும் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கே கிடைத்தது. பள்ளி வயதை எட்டாத குழந்தையும் அதன் தாயும் கணக்கில் வரவில்லை.

இந்தத் திசையை மாற்றியது, 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 திட்டங்களாகத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். அதன் ஆறு சேவைகளில் தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை ஆகிய மூன்றையும் அதன் மையமான அங்கன்வாடி தனியே நிறைவேற்ற முடியாது. சுகாதாரத் துறையின் கை வேண்டும். அதாவது, மக்கள் பால்வாடி என்றே அழைக்கும் இந்தக் கூடம், பிறரிடம் அழைத்துச் செல்லும் வாசலாகவே வடிவமைக்கப்பட்டது. அந்த வாசலைத் திறந்து வைப்பது கட்டடமோ பாடமோ அல்ல, ஊழியர் வீடு வீடாகப் போய் எழுதும் கணக்கெடுப்புப் பதிவேடு என்பதே என் வாதம். 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்ற அளவு, எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தப் பிள்ளை சோர்ந்திருக்கிறது என்பதை ஒரு பெண் மனத்தில் வைத்திருக்கக்கூடிய அளவு. மேரிக்கு மக்கள் நடந்தார்கள். இங்கே ஏடு நடக்கிறது.

மருத்துவமனைகள் நிறைந்த நகருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 1823இல் தோன்றிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் மரபில் வந்த ஜிப்மர் இங்கேதான் இருக்கிறது. மீனவர் வாழும் குருசுக்குப்பத்தில் அதன் நகர்ப்புற நலவாழ்வு மையமும் உண்டு. ஆயினும் பக்கத்தில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. விடியலில் மீன்கூடையோடு கிளம்பும் பெண்ணுக்கும், வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும் ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. முதல் பேற்றுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் உதவிக்கும் ஆதார், வங்கிக் கணக்கு, தாய்சேய் அட்டை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று சொல்ல, தெருவை அறிந்த ஒருவர் தேவை.

இதைவிடக் கனமான மறுப்பு ஊழியர் தரப்பிலிருந்து வருகிறது. சமையலைக் கவனித்து, எடை பார்த்து, கைபேசிச் செயலியில் பதிந்து, வீடு வீடாகவும் நடந்தால் குழந்தைகளுக்குக் கதை சொல்வது எப்போது? இது நியாயமான கேள்வி. இவ்வளவும் மதிப்பூதியத்துக்கு நடக்கிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே உச்ச நீதிமன்றம் 2022இல்தான் தீர்ப்பாகச் சொன்னது. ஆனால் இணைப்புப் பணியை வெட்டிவிடுவது இதற்கு விடையாகாது. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் பாலர் திட்டத்தில், குடும்பங்களோடு பேசவே தனிப் பணியாளர்கள் வந்தார்கள். இங்கும் இரண்டாம் ஆள் ஒருவர் வேண்டும்.

அதற்குள் வேறோர் இழப்பு நேர்கிறது. மூன்று வயதானதும் பிள்ளையை ஆங்கிலவழி எல்.கே.ஜி.யில் சேர்க்கவே பெற்றோர் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்.கே.ஜி. வகுப்பறை கற்பிக்கலாம், நன்றாகவே கற்பிக்கலாம். ஆனால் அதன் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். வீட்டிலிருக்கும் கைக்குழந்தையின் எடைக்கோ, தாய் மீண்டும் கருவுற்றிருப்பதற்கோ அதில் கட்டம் கிடையாது.